வீலுக்குப் பின்னால் வைத்த சந்தனம்

குன்னூர் ஓட்டுப்பட்டறையில் கணேசனைப் போலப் பயந்த ஆள் இன்னொருவர் கிடையாது. இது ஊரறிந்த விஷயம். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு தன் காலாலேயே பிரேக் அழுத்துவார். காஸ் சிலிண்டரை மூடினோமா என்று சந்தேகம் வந்து பாதி வழியில் திரும்பி வருவார். "எங்கூட்டுக்காரரு நெழலப் பாத்தாக்கூட ஒதுங்கி வழி விடுவாருங்க" என்பாள் மனைவி தேவி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கணேசனுக்குப் பட்டப்பகல் வெளிச்சத்தில் தெரிவதும் பேய்தான்.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அவரை வாய் வலிக்கக் கேலி செய்வார்களே ஒழிய, வீல் மாற்ற அவர் கடையைத் தவிர வேறு கடைக்குப் போகமாட்டார்கள். அந்த வேலைக்குப் பயந்தவன்தான் லாயக்கு. தைரியசாலி மாட்டிய வீலை நம்பி மேட்டுப்பாளையம் வரைக்கும் இறங்கிப் பார்த்தால் தெரியும் சேதி.

பயம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. இருபது வயதில் கிளென்மார்கன் பக்கம் ஒரு எஸ்டேட் லாரியில் கிளீனராக இருந்தார். அப்போது அவரும் தைரியசாலிதான். ஒரு மழைநாளில் பஞ்சரான வீலைச் சேற்றிலேயே கழற்றி, ஸ்டெப்னியைச் சேற்றோடு மாட்டி, ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்து இறுக்கினார். நாலு மைல் போனதும் ஒரு சக்கரம் லாரியை முந்திக்கொண்டு ரோட்டில் உருண்டு போயிற்று. "எவன் வண்டி வீலுடா இது?" என்று டிரைவர் ஒச்சப்பன் கேட்டு முடிப்பதற்குள் லாரி ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயிலைச் செடிக்குள் போய் நின்றது. இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஒச்சப்பன் கீழே இறங்கி பீடி பற்ற வைத்துச் சிரித்தார். கணேசனுக்கு மூன்று நாள் பேச்சே வரவில்லை.

அன்றைக்குக் கற்றுக்கொண்டதைத்தான் முப்பத்திரண்டு வருஷமாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். வண்டியில் வீல் போய் உட்காருகிற இரும்பு முகத்துக்கு ஹப் என்று பேர். ஹப்பும் வீலின் முதுகும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் சேறோ துருவோ பெயின்டோ இருந்துவிட்டால், மாட்டுகிறபோது நட் இறுகினது போலத்தான் தெரியும். வண்டி ஓடி, பிரேக் சூடு ஏறி, நடுவில் இருப்பது பொடியாக உதிர்ந்ததும் நட் தானாகத் தளர்ந்துவிடும். அதனால் கணேசன் கம்பி பிரஷ் போட்டு ஹப்பைத் தேய்க்க ஆரம்பித்தால், முகம் பார்த்துப் பொட்டு வைக்கிற அளவுக்குப் பளபளக்கிற வரை விடமாட்டார்.

ஷைனா அவரிடம் வந்து சேர்ந்தது பல்லால். அவள் குன்னூரில் பல் டாக்டர், கூடலூர்ப் பக்கத்து மலையாளி. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போன கணேசன், நாற்காலியிலிருந்து இரண்டு தடவை எழுந்து ஓடினார். மூன்றாவது தடவை அவள், "சும்மா வாயைத் திறந்து காட்டுங்க சேட்டா, நான் தொடமாட்டேன்" என்றாள். சொன்னபடி தொடவும் இல்லை. அரை மணி நேரம் பேசிக்கொண்டேயிருந்துவிட்டு, கடைசியில் அவரே "சரி, எடுத்துருங்க" என்ற பிறகுதான் எடுத்தாள். ஊசி போடும்போது பேச்சுவாக்கில் அவர் தொழிலைக் கேட்டவள் சிரித்துவிட்டாள். "இவ்வளவு பயப்படுற ஆளுதான் என் வண்டிக்கு வீல் மாட்டணும்" என்றாள்.

பிறகுதான் அவள் வண்டியின் கதை கணேசனுக்குத் தெரிந்தது. நீலக் கலரில் ஒரு குட்டிக் கார். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மலை இறங்கி, கோயமுத்தூரைத் தாண்டி இருக்கிற ரேஸ் டிராக்குக்குப் போவாள். போட்டியும் கிடையாது, கப்பும் கிடையாது. சொந்த வண்டியை ஆசை தீர வேகமாக ஓட்டிவிட்டு வருவது, அவ்வளவுதான். அதற்கு டிராக் டே என்று பேராம். வழியோடு போகிற வம்பை விலைக்கு வாங்குவது என்று பெரியவர்கள் இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று கணேசன் நினைத்தார். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் கிளம்புவதற்கு முன்னால் நாலு வீலையும் கழற்றி, டயரை எடுத்துவிட்டு, ரிம்மைக் கையால் தடவித் தடவிப் பார்த்து மாட்டி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சோறு இறங்காது. சாயங்காலம் அவள் போனில் "வந்தாச்சு சேட்டா" என்று சொன்ன பிறகுதான் டீயே குடிப்பார்.

இந்தத் தடவை இரண்டு வாரம் முன்னதாகவே வண்டியைக் கொண்டுவந்து விட்டாள். முன்பக்க இடது வீல் மேலுக்குப் புதுசு போலத்தான் இருந்தது. கணேசன் வழக்கப்படி ரிம்மின் உள்பக்கம் முழுக்க மண்ணெண்ணெய் தடவி ஊற விட்டு, துடைத்து, அதன் மேல் சாக்பீஸ் பொடியைத் தூவினார். ரிம்மில் விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து பொடியை நனைக்கும். மூன்று வீலில் பொடி வெள்ளையாகவே இருந்தது. நாலாவதில், உள்விளிம்பை ஒட்டி, தலைமுடி கனத்துக்கு ஒரு கறுப்புக் கோடு மெல்ல எழுந்து வந்தது.

அவர் ரிம்மைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் துடைத்துவிட்டு மறுபடியும் பொடி போட்டார். கோடு மறுபடியும் வந்தது. போன தடவை இவள் இதை மாட்டிக்கொண்டுதானே அத்தனை வேகம் போனாள்?

ஷைனா வந்து பார்த்தாள். "நாலையும் மாத்திடலாம் சேட்டா" என்றாள். புது வீல்கள் கோயமுத்தூரிலிருந்து வெள்ளிக்கிழமை வந்து இறங்கின. கணேசன் அதையும் விடவில்லை. நாலு புது ரிம்முக்கும் மண்ணெண்ணெய் போட்டுப் பார்த்தார். ஒரு பழுதும் இல்லை. அப்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கறுப்புக் கோடு வந்து நின்றது. காலையில் எழுந்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போனார். டாக்டரம்மா பேர் சொல்லி அர்ச்சனை செய்தார். பூசாரி வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்த சந்தனமும் குங்குமமும் சட்டைப் பையில் வந்தன.

சனிக்கிழமை சாயங்காலம் வீல் மாட்டுகிற வேலை. வழக்கமாக அவர் வேலை முடிந்ததும் வீலுக்கு வெளியே சந்தனம் வைப்பதுண்டு. ஷைனா அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, "சேட்டா, புது வீலு. மேல ஒண்ணும் பூச வேண்டாம் ட்டோ. டிராக்குல செக் பண்றவங்க தொடைக்கச் சொல்றாங்க" என்றாள். சரிங்க என்றார். அதற்குள் கிளினிக்கிலிருந்து போன் வந்து அவள் வெளியே போனாள்.

கணேசன் நாலு ஹப்பையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தார். துணியால் துடைத்தார். மினுமினுவென்று இருந்த இரும்பைப் பார்த்ததும் சட்டைப் பையில் இருப்பது ஞாபகத்துக்கு வந்தது. வெளியேதானே வேண்டாம் என்றாள்? கெட்டிச் சந்தனத்தைக் கட்டைவிரலால் வழித்து, ஒவ்வொரு ஹப்பின் முகத்திலும் போல்ட்டுக்குப் போல்ட் நடுவில் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தார். "ஆத்தா, நீ உள்ள இருந்தே பாத்துக்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதன் மேல் வீலை ஏற்றி நட்டுகளை முடுக்கினார். அளவான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுக்கிற ஸ்பேனர் ஒன்று வைத்திருக்கிறார். அது பதினாறு நட்டுக்கும் பதினாறு தடவை 'டக்' சொல்லிற்று. ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினார்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு, தான் கிளம்பிவிட்டதாக ஷைனா மெசேஜ் போட்டிருந்தாள். ஏழு மணிக்குக் கேத்தியிலிருந்து பழைய வாடிக்கைக்காரன் வினோத்தின் பிக்கப் கடை வாசலில் வந்து நின்றது. முப்பது மூட்டை கேரட், மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிற லோடு. வழியில் பஞ்சராகி அவனே வீல் மாற்றியிருந்தான். "ஒருக்கா பாத்துருங்ணா, எறக்கம் எறங்கோணும்" என்றான்.

கணேசன் ஜாக்கி கொடுத்து வீலை இழுத்தார். ஹப்பில் நகக்கண் கனத்துக்குச் சேறு. வந்ததே கோபம்!

"ஏன்டா வினோத்து, உனக்கு எத்தன தடவ சொல்றது? இத்தன லோடு ஏத்திக்கிட்டு இதோடயா எறங்கப் பாத்த? வீலுக்கும் ஹப்புக்கும் நடுவுல எது இருந்தாலும் அது எமன்டா! சேறா இருந்தா என்ன, பெயின்டா இருந்தா என்ன, சந்த..."

வாய் அப்படியே நின்றது. கம்பி பிரஷ் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. வினோத் அதை எடுத்து நீட்டினான். கணேசன் வாங்கவில்லை.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது இதுதான். முப்பத்திரண்டு வருஷமாக ஒரு தூசி விடாதவர், தன் கையாலேயே நாலு ஹப்பிலும் அப்பி வைத்திருந்தார். நேற்று அது அவர் புத்திக்கு உறைக்கவே இல்லை. அவரைப் பொறுத்தவரை அழுக்கு என்றால் சேறு, துரு, கிரீஸ். சாமி சந்தனத்தை யார் அழுக்கில் சேர்ப்பார்கள்? ஆனால் இரும்புக்குச் சாமி தெரியுமா? சூடு ஏறினால் சந்தனமும் காய்ந்து பொடியாகத்தான் போகும்.

போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. இன்னொரு தடவை போட்டார். மூன்றாவது தடவை சுவிட்ச் ஆஃப் என்றது. டிராக்குக்குப் போனதும் போனை அணைத்துப் பையில் வைத்துவிடுவேன் என்று அவள் எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது.

"என்னாச்சுங்ணா? மூஞ்சியே செத்துப் போச்சு?" என்றான் வினோத்.

"டாக்டரம்மா வண்டியில தப்புப் பண்ணிட்டேன்டா. வீல் கழண்டுரும். பத்து மணிக்கு டிராக்குல எறக்கிருவாங்க."

வினோத் மறு பேச்சுப் பேசவில்லை. "இந்த வீல மாட்டுங்க, போலாம்" என்றான். கை கால் ஓடாத நிலையிலும் கணேசன் ஹப்பைத் தேய்த்துத்தான் மாட்டினார். ஸ்பேனர்களையும் கம்பி பிரஷையும் அள்ளிக்கொண்டு, கடையை மூடக்கூடத் தோன்றாமல், பிக்கப்பின் முன்சீட்டில் ஏறினார். கிளீனர் வேலையை விட்ட நாளிலிருந்து அவர் மலை இறக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை.

காட்டேரி வளைவில் ஒரு பக்கம் பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவர் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர் கால் பிரேக்கைத் தேடவில்லை. "இன்னுங் கொஞ்சம் வெரசாப் போடா" என்றார். வினோத் திரும்பி அவரை ஒரு மாதிரி பார்த்தான். நீங்களா பேசறது என்று கேட்க நினைத்தவன் கேட்காமல் விட்டுவிட்டான்.

பர்லியார் வரைக்கும் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. வருகிறபோதெல்லாம் போன் போட்டார். மனசு சும்மா இருக்கவில்லை. இப்போது வரிசையில் நிற்பாள், இப்போது ஹெல்மெட் போடுவாள் என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தது. அவளாவது நட்டை ஒரு தடவை முறுக்கிப் பார்ப்பாள். போய்ச் சேர்ந்ததும் பாருங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்புகிறார். பார்ப்பாள், நிச்சயம் பார்ப்பாள் என்று அதையே பிடித்துக்கொண்டார். கல்லாறு தாண்டிச் சமவெளி வந்ததும் காற்று சுட்டது. அவருக்கு மட்டும் குளிர் விடவில்லை. மேட்டுப்பாளையம் மண்டி இடது பக்கம் வந்தது. வினோத் வண்டியைத் திருப்பாமல் நேரே விட்டான்.

"கேரட்டு?"

"கேரட்டு எங்கயும் ஓடிறாதுங்ணா."

டிராக் வாசலில் கேரட் வண்டியைப் பார்த்து வாட்ச்மேன் கேன்டீனுக்கா என்று கேட்டார். கணேசன் பதில் சொல்லாமல் இறங்கி ஓடினார். மணி பத்தே முக்கால். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் வண்டிகள் சீறிக்கொண்டு போயின. சிவப்பு, வெள்ளை, அப்புறம் நீலம். நீலக் கார்தான். கண்ணிமைக்கிற நேரத்தில் அவரைத் தாண்டி, தூரத்து வளைவில் திரும்பி மறைந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வாக்கி டாக்கியும் கையுமாக நின்றிருந்த டிராக் அதிகாரியின் சட்டையில் ஆண்ட்ரூ என்று பேர் எழுதியிருந்தது. கணேசன் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்த நீலக் காரை நிறுத்துங்க. வீல் கழண்டுருங்க."

"நீங்க யாரு?"

"அந்த வீல மாட்டினவனுங்க."

ஆண்ட்ரூ அவரை ஒரு நொடி உற்றுப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. வாக்கி டாக்கியில் பேசினார். அங்கங்கே சிவப்புக் கொடிகள் அசைந்தன. சத்தமெல்லாம் ஒவ்வொன்றாகத் தணிந்தது. ஆனால் நீலக் கார் இன்னும் அந்தப் பக்கம்தான் இருந்தது, கண்ணுக்குத் தெரியாத வளைவில். கொடியைப் பார்த்ததும் பிரேக் அடிப்பாளே, அந்தப் பிரேக்கிலேயே போய்விட்டால்? நானே நிறுத்தச் சொல்லி நானே கொன்றுவிட்டேனா? சிவப்புக் கார் வந்தது. வெள்ளை வந்தது. வேறு ஒன்று வந்தது. கணேசன் கண்ணை மூடிக்கொண்டார். ஆத்தாளைக் கூப்பிட வாயெடுத்தார். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"வந்துருச்சுங்ணா" என்றான் வினோத்.

நீலக் கார் மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. ஷைனா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே இறங்கினாள். முகமெல்லாம் வேர்வை. "சேட்டா? நீங்க எப்படி இங்க?"

கணேசனுக்கு அந்த நேரத்தில் ஒரு புத்தி வந்தது. மறைப்பானேன், வரத்தான் செய்தது. சும்மா ஒருக்கா இறுக்கிப் பார்க்க வந்தேனுங்க என்று சொன்னால் போதும். அவர் பயம்தான் ஊர் அறிந்த பயமாயிற்றே, எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு மூலையில் வண்டியைக் கொண்டுபோய், வீலைக் கழற்றி, துடைத்து மாட்டி அனுப்பிவிடலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும்.

குனிந்து முன்பக்க இடது வீலின் நட்டில் ஸ்பேனரை வைத்தார். அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் திருப்பினார். திரும்பிற்று. அடுத்ததும் விரலுக்கே திரும்பிற்று. பக்கத்தில் நின்ற ஆண்ட்ரூ, "கடவுளே" என்று முணுமுணுத்தார். ஜாக்கி கொடுத்து வீலை இழுத்ததும் மஞ்சள் பொடி பொலபொலவென்று கீழே கொட்டியது. ஹப்பில் அங்கங்கே கருகின சந்தனம் பொருக்காக ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன இது?" என்றார் ஆண்ட்ரூ.

வினோத் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"சந்தனங்க" என்றார் கணேசன். "நான்தான் வெச்சேன். டாக்டரம்மா வெளியதான் வேண்டாம்னு சொன்னாங்க. அதான் உள்ள வெச்சுட்டேன். அந்த விரிசலப் பாத்ததுலருந்து எனக்குப் பயமா இருந்துச்சுங்க. நாலு வீல்லயும் இருக்குது." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை. "வர்ற வழியெல்லாம் நீங்க ஒருக்கா முறுக்கிப் பாத்திருப்பீங்கன்னு நெனச்சுட்டே வந்தேனுங்க."

ஷைனா கீழே கிடந்த பொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று அவர் காத்திருந்தார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"முன்னாடியெல்லாம் இங்க வந்ததும் பார்ப்பேன் சேட்டா" என்றாள், சின்னக் குரலில். "ஒரு தடவைகூட ஒரு நட்டும் அசைஞ்சதில்லை. போன வருஷத்தோட பார்க்கிறதை விட்டுட்டேன்."

கணேசன் நிமிர்ந்து பார்த்தார்.

"மூணாவது ரவுண்டிலயே ஸ்டீயரிங் ஆடிச்சு. கையில நல்லாத் தெரிஞ்சது. வேற யார் மாட்டியிருந்தாலும் அப்பவே ஓரங்கட்டியிருப்பேன். கணேசேட்டன் மாட்டினது, வீலா இருக்காது, ரோடு சரியில்லைன்னு நினைச்சேன். அடுத்த ரவுண்டு இன்னும் வேகமாப் போனேன்."

கணேசன், கழற்றிய வீலின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். பயந்தாங்கொள்ளி என்று ஊர் முழுக்கச் சொன்னபோதெல்லாம் அவருக்கு உறுத்தியதில்லை. தன்னை நம்பி இந்தப் பெண் பயப்படாமல் போனாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கம்பி பிரஷை எடுத்தார். நாலு ஹப்பையும் தேய்த்தார். துடைத்தார். வீல்களை ஏற்றி நட்டுகளைக் கையால் முடுக்கினார். இறுக்குகிற ஸ்பேனரை எடுத்தவர், நட்டில் வைக்காமல் அதை ஷைனாவிடம் நீட்டினார்.

"இனிமே என்னைய நம்பாதீங்க டாக்டரம்மா. ஒவ்வொரு நட்டா நீங்களே இறுக்கிப் பாருங்க."

அவள் வாங்கிக்கொண்டாள். முதல் நட்டில் ஸ்பேனர் சரியாக உட்காரவில்லை. இரண்டு தடவை வழுக்கிற்று. மூன்றாவது தடவை உட்கார்ந்து 'டக்' என்ற பிறகும், அவள் அடுத்த நட்டுக்குப் போகாமல் அதையே இன்னொரு தடவை இறுக்கிப் பார்த்தாள்.